கோணி ஓடிய ஓட்டம்

மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

குதிரைக்குக் காயடித்தாகிவிட்டது. நீங்கள் எழுதியபடியே செய்துவிட்டேன். "இனி யோசிக்காதே, வெட்டிவிடு" என்று உங்கள் கடிதத்தில் இருந்தது. நானும் யோசிக்கவில்லை. மருத்துவர் வந்தார், ஊசி போட்டார், இருபது நிமிடத்தில் கையைக் கழுவிக்கொண்டு தேநீர் கேட்டார்.

போன மாதப் பந்தயத்தில் அது கிளம்புகிற கதவுக்குள்ளேயே பின்னங்காலில் எழுந்து நின்று, பக்கத்துக் குதிரையை உதைத்ததை எழுதியிருந்தேன். இன்னொரு முறை நடந்தால் குதிரைக்குத் தடை என்று நடுவர்கள் சொன்னதையும் எழுதியிருந்தேன். அதைப் படித்துத்தான் முடிவுக்கு வந்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

காயம் நன்றாக ஆறிவிட்டது. முதல் இரண்டு நாள் தீவனத்தைத் தொடவில்லை. இப்போது தொட்டியை நக்கி வைக்கிறது. குதிரைக்காரர் மொட்டைக்குத்தான் ஆச்சரியம். அதனிடம் தோளில் கடி வாங்கினவர் ஆயிற்றே. "என்ன சார் இது, ராத்திரியோட ராத்திரியா ஆளையே மாத்திட்டாங்களா? காதைப் பிடிச்சுத் திருகுறேன், கொட்டாவி விடுது" என்கிறார்.

அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? என் இருமல் பாதி குறைந்திருக்கிறது. உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

தம்பி

மார்ச் 18

தம்பிக்கு,

உன் கடிதம் வரும்வரை இங்கே எல்லோரும் நலமாகத்தான் இருந்தோம்.

வெட்டிவிடு என்றால் என்னடா அர்த்தம்? என் கிடங்கில் சாக்குக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவன் நீ. தேங்கின சரக்கை வந்த விலைக்குத் தள்ளி இடத்தைக் காலி பண்ணுவதற்கு எங்கள் தொழிலில் வெட்டுவது என்று பேர். எடை போடுகிறவருக்குத் தெரியும். கிழிசல் தைக்கிற பெண்களுக்குத் தெரியும். வாசலில் படுத்திருக்கிற நாய்க்குக்கூடத் தெரியும், வெட்டு என்று நான் கத்தினால் லாரி வரும், எழுந்து போகவேண்டும் என்று. உனக்கு மட்டும் மறந்துவிட்டதா?

குதிரைப் பண்ணைக்காரர் ஒருவர் இனவிருத்திக்காக அதைக் கேட்டிருந்தார். அதன் அப்பன் பெயருக்காகவே நல்ல விலை தருகிறேன், ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்றார். நான் விற்கச் சொன்னேன். நீ விதையை எடுத்துவிட்டாய். இப்போது அவரிடம் போய் நான் எதைக் காட்டுவது?

கத்தி பட்டதை ஒட்டவைக்க முடியாது. இனி அது ஓடித்தான் சாப்பிடவேண்டும். ஜெயிக்கும்வரை உனக்குப் பயிற்சிக் கூலி கிடையாது. ஓட்டம் முடிகிற அன்றைக்கு அதை நீயே வைத்துக்கொள். எனக்கு அதற்கப்புறம் அது எதற்கு?

மருத்துவர் ரசீதை அனுப்பு. அண்ணிக்கு வலி அப்படியேதான். இருமலுக்கு வெந்நீர் குடி. தூசியில் நிற்காதே.

அண்ணன்

ஜூன் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்கும் அண்ணிக்கும் என் வணக்கம். எல்லோரும் சுகமாக இருப்பதாக நம்புகிறேன்.

தந்தி கிடைத்திருக்கும். நேற்று ஜெயித்துவிட்டது. பதினான்கு குதிரைகளில் நாலரைக் குதிரை நீளம் முன்னால். கதவு திறந்ததும் மற்றவை கிளம்பின. இது நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுக் கிளம்பியது. எனக்கு உயிரே போய்விட்டது. திருப்பத்தில் எட்டாவதாக வந்தது. பிறகு ஜாக்கி ஒன்றுமே செய்யவில்லை. எங்கள் ஜாக்கியைக் குருவி என்றுதான் கூப்பிடுவோம்; ஆள் அவ்வளவு சின்னது. இறங்கி வந்து சொன்னான்: "நான் சவுக்கைத் தூக்கவே இல்ல சார். அதுவா ஒவ்வொருத்தரையும் எட்டிப் பார்த்து, போய்ட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துச்சு."

ஒரு வேடிக்கை. நீங்கள் பதிவு செய்த நீளமான பெயர் ஒலிபெருக்கிக்காரர் வாயில்கூட நுழையவில்லை. சாக்குக்காரர் குதிரை என்று யாரோ சொல்லப்போய், மலிவுச் சீட்டு வரிசையில் எல்லோரும் "கோணி! கோணி!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மருத்துவர் ரசீதை அவரே நேராக உங்கள் முகவரிக்கு அனுப்பிவிட்டாராம். நான் வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன்; அவசரப்பட்டுவிட்டார். வந்துசேர்ந்ததா?

இருமல் இல்லை. கூலி விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும்.

தம்பி

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். பயணத்தில் குறையில்லை. அண்ணிக்கு வாங்கிய தைலம் கொஞ்சம் கேட்கிறது.

ஐந்து ஓட்டத்தில் ஐந்து. கண்ணால் பார்த்திராவிட்டால் நானே நம்பியிருக்கமாட்டேன். உரிமையாளர்கள் உட்காருகிற இடத்தில் என்னை எங்கே உட்காரவைத்தார்கள் பார்த்தாயா? மாவு மில்காரர் பக்கத்தில். அவர் மில்லின் பின்வாசலில், காலிச் சாக்கு எப்போது போடுவார்கள் என்று எத்தனை காலைகள் நின்றிருக்கிறேன். ஒரு நாள்கூட உள்ளே வா என்று சொன்னதில்லை. அன்றைக்கு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஆனாலும் ஒரு குத்து குத்தாமல் விடவில்லை. "என்ன சாக்குக்காரரே, இதை மட்டும் முழுக் குதிரையா விட்டுவெச்சிருந்தா, இதோட பிள்ளைகளை வித்தே பேரன் காலம்வரைக்கும் உக்காந்து சாப்பிட்டிருக்கலாமே?" என்றார்.

"எனக்கு உக்காந்து சாப்பிட்டுப் பழக்கம் இல்லீங்க" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உள்ளே எரிந்தது. அவர் சொன்ன கணக்கை நான் ஜூனிலேயே போட்டுப் பார்த்துவிட்டேன்.

கோணி என்று கத்துவதை இனி நிறுத்தமுடியாது. கத்தட்டும். அந்தப் பெயரில்தான் நான் வீடு கட்டினேன்.

ரசீது வந்தது. பார்த்தேன். எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் கூலி அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

டிசம்பர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அங்கேயும் நலம் என்று அண்ணியின் கடிதத்தில் தெரிந்துகொண்டேன். பேத்தியின் காய்ச்சல் விட்டதில் நிம்மதி.

பதினொரு ஓட்டத்தில் பத்து. தோற்ற அந்த ஒன்றிலும் மூக்கு அகலம்தான் வித்தியாசம். இப்போது அது நடைக்கு வந்தாலே மற்ற லாயக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வேலியில் வந்து சாய்கிறார்கள். அதுவும் தெரிந்துகொண்டு கழுத்தை வளைத்துக் காட்டுகிறது. காலையில் என் சட்டைப் பையில் வெல்லக்கட்டி இருக்கிறதா என்று மூக்கால் தேடும். இல்லையென்றால் பையைக் கடித்து இழுக்கும். மூன்று சட்டை போயிற்று.

ஒரு விஷயம். இடது முன்னங்கால் பின்பக்கத்தில், முழங்காலுக்குக் கீழே, தொட்டால் சூடு தெரிகிறது. வீக்கம் இல்லை. நொண்டவும் இல்லை. ஆனால் அந்தச் சூடு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மாதம் ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்கிறார் மருத்துவர். பிப்ரவரிக் கோப்பையை இந்த வருஷம் விட்டுவிடலாம். நீங்கள் சம்மதம் சொல்லவேண்டும்.

பந்தயக் கிளப்பின் பெரிய லாய வரிசையில் எட்டு அறைகள் ஏப்ரலில் காலியாகின்றன. இதுவரை என்னைப் பார்த்தால் தலையசைக்காத செயலாளர், அவற்றை நானே வாடகைக்குக் கேட்கலாமே என்று சொன்னார். சும்மா எழுதினேன்.

தம்பி

டிசம்பர் 11

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். கால் சூட்டுக்கு ஐஸ் வைத்துக் கட்டு.

கோப்பைக்கு ஓடவேண்டும். இதில் பேச ஒன்றும் இல்லை. நூறு குதிரைக்காரர்கள் வாழ்நாள் முழுக்க ஏங்குகிற ஓட்டம் அது. மில்காரர் மூன்று முறை முயன்று நாலாவது இடத்தைத் தாண்டவில்லை. பிள்ளை பெறாத குதிரைக்கு ஓடுகிற வயசில்தான் மதிப்பு. ஓய்வு கொடுத்துப் பொத்திவைத்து நான் அதை என்ன செய்யட்டும்?

ஓடி முடிந்ததும் எவ்வளவு ஓய்வு வேண்டுமானாலும் கொடு.

குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள். குதிரைக்கும்.

அண்ணன்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோப்பையை நீங்கள் கையில் வாங்கி, படமும் எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

கடைசி பர்லாங்கில் அது ஒரு அடி தவறியதை நீங்கள் பார்த்தீர்களா? யாரும் பார்க்கவில்லை. நானும் குருவியும் மட்டும் பார்த்தோம். அப்போது அது இரண்டாவது இடத்தில் இருந்தது. குருவி கடிவாளத்தை இழுத்துப் பார்த்திருக்கிறான். "நான் நிறுத்தப் பார்த்தேன் சார், அது கேக்கல. முன்னாடி ஒருத்தன் போறான்னு அதுக்குத் தெரியுது" என்று அழுதான். மூன்று காலில் ஓடி ஜெயித்த குதிரை அண்ணா அது.

லாயத்துக்கு வந்ததும் இடது காலைத் தரையில் ஊன்றவில்லை. தசைநாரில் பாதி இழை அறுந்துவிட்டதாம். இரண்டு மாதத்தில் நடக்கும். மேய்ச்சல் நிலத்தில் விட்டால் இன்னும் பதினைந்து வருஷம் இருக்கும். மறுபடி பந்தயத்தில் விட்டால் மிச்ச இழையும் போகும். ஓட்டத்தின் நடுவில் போகும். அதற்கப்புறம் சுடுவதைத் தவிர வழியில்லை.

ஓட்டம் முடிந்துவிட்டது. முடிகிற அன்றைக்கு எனக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. எனக்குக் கோப்பை வேண்டாம், பரிசில் பங்கு வேண்டாம். குதிரையைக் கொடுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

தம்பி

பிப்ரவரி 16

தம்பிக்கு,

நலம். கோப்பை முன் அறையில் இருக்கிறது. அண்ணி தினமும் துடைக்கிறாள்.

ஓட்டம் முடிந்ததா இல்லையா என்று சொல்லவேண்டியவன் உரிமையாளன். நான் சொல்லவில்லை. மேற்கே ஒரு சின்னப் பந்தய மைதானத்துக்காரர் வந்து போனார். அங்கே வாரம் இரண்டு ஓட்டம். கோப்பை வென்ற குதிரை என்றால் வாசலில் சீட்டு விற்றே போட்டதை எடுத்துவிடுவார். நல்ல விலை பேசுகிறார். ஏப்ரலில் நேரில் வந்து பார்ப்பார். அதற்குள் காலில் போட்ட கட்டை அவிழ்த்து, வீக்கத்தை இறக்கி வை. தசைநார் என்ற வார்த்தையை யாரிடமும் பேசாதே. மருத்துவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

என் கடிதம் உன்னிடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். என்னிடமும் ஒரு காகிதம் இருக்கிறது. வெட்டிவிடு என்று நான் எழுதியது மார்ச் ஐந்தாம் தேதி. காயடித்ததற்கு மருத்துவர் கொடுத்த ரசீதில் மார்ச் இரண்டாம் தேதி. என் கடிதம் எழுதப்படுவதற்கு முன்பே உனக்குப் படிக்கத் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டாம் தேதி காயம் நன்றாக ஆறிவிட்டது என்று நீ எழுதியபோதே எனக்கு உறுத்தியது. அவ்வளவு சீக்கிரம் எந்தக் காயம் ஆறும்?

என்னைக் கேட்காமல் கத்தி வைத்துவிட்டு எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தாய். என் கடிதத்தில் அந்த வார்த்தை வந்து விழுந்தது. பிடித்துக்கொண்டாய். நான் ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்கிறாயா? ஜெயித்துக்கொண்டிருந்த சரக்கு. பிறந்த தேதியையா கேட்பார்கள்?

குதிரைமேல் இருந்த பாசத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதே. கோப்பை அன்றைக்குச் செயலாளர் என்னிடம் எல்லாம் சொன்னார். போன வருஷம் அது கதவுக்குள் உதைத்தபோது நடுவர்கள் விதிப்பதாகச் சொன்ன தடை குதிரைக்கு மட்டும் இல்லை. உன் பயிற்சி உரிமத்துக்கும். அதை எனக்கு நீ எழுதவில்லை.

காலுக்கு மருந்து வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்

மார்ச் 15

தம்பிக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கால் எப்படி?

அண்ணன்

மார்ச் 28

அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன், நாலு முறை.

தேதி சரிதான். கடிதம் வருமுன்பே செய்துவிட்டேன். முன்னால் ஐந்து முறை உங்களிடம் அனுமதி கேட்டேன். ஐந்து முறையும் முழுக் குதிரைக்குத்தான் விலை என்றீர்கள். உரிமம் போய்விடும் என்பதும் நிஜம். ஆனால் அது மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். குதிரையை அப்படியே விட்டிருந்தால் யாராவது ஒருவர் அடித்தே கொன்றிருப்பார்கள். நான் அதைக் காப்பாற்றினேன். இப்போதும் காப்பாற்றுவேன்.

மேற்கு மைதானத்தை எனக்குத் தெரியும். காய்ந்த செங்கல் மாதிரித் தரை. அங்கே போன குதிரை இரண்டாவது சீசன் பார்ப்பதில்லை. உங்கள் ஆள் வரட்டும். அவர் கையைப் பிடித்து அந்த இடது காலில் நானே வைப்பேன். எங்கே அறுந்திருக்கிறது என்று விரலால் காட்டுவேன். குறையை மறைத்து விற்கிறவர் என்று சந்தையில் உங்கள் பெயர் போகும். முப்பது வருஷப் பெயர். யோசித்துக்கொள்ளுங்கள்.

மொட்டை பக்கத்தில்தான் இருக்கிறார். "யாருக்கு சார் இவ்வளவு கோவமா எழுதுறீங்க?" என்றார். அண்ணனுக்கு என்றேன். "அப்ப சரி, கூடப்பிறந்தவங்கதானே, வேற யார்கிட்ட கோவப்படுறது?" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்.

இந்த அலைச்சலில் அந்த எட்டு அறைகளையும் கோட்டைவிட்டுவிடுவேன் போலிருக்கிறது. முன்பணம் ஏப்ரல் இருபதாம் தேதிக்குள் கட்டவேண்டுமாம். இல்லையென்றால் வேறொருவருக்குப் போய்விடும். பதினெட்டு வருஷம் பின்வரிசைத் தகரக் கொட்டகையில் இருந்தாயிற்று. போகட்டும்.

தம்பி

ஏப்ரல் 3

தம்பிக்கு,

அண்ணிக்கு இரண்டு நாளாக நடக்க முடிகிறது. உன்னைக் கேட்டாள்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேல்பாதி படித்தபோது கோபம் வந்தது. கீழ்ப்பாதி படித்ததும் போய்விட்டது. விற்கமாட்டேன் என்று கத்துகிறவன் எல்லாம், பேச்சு முடிகிற இடத்தில், தனக்கு என்ன தேவை என்று ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் முடிப்பான். கிழிந்த சாக்கு வாங்கிய காலத்திலிருந்து நான் அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருந்து வியாபாரம் பண்ணுகிறேன்.

எட்டு அறைகளுக்கும் முன்பணம் நான் கட்டுகிறேன். ஒரு வருஷ வாடகையும் என்னுடையது. நல்ல வம்சத்தில் ஒரு வயசுக் குட்டிகள் இரண்டு வாங்கித் தருகிறேன்; பயிற்சி உன் பெயரில். குதிரை விற்ற விலையில் எட்டில் ஒன்று உனக்கு.

நீ செய்யவேண்டியது அதிகம் இல்லை. வாங்குகிறவர் வருகிற அன்றைக்குக் காலையில் ஒரு மணி நேரம் காலைக் குளிர்ந்த நீரில் நிறுத்து. நனைத்த மணலில் நடத்திக் காட்டு. ஓட்டிக் காட்டச் சொன்னால், கோப்பைக்குப் பின் ஓய்வில் இருக்கிறது என்று சொல். அது பொய்யும் இல்லை.

வேண்டாம் என்றால் எழுது. குதிரையை உன்னிடமே விட்டுவிடுகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோப்பைப் பரிசில் போட்டதற்கு மேல் எடுத்துவிட்டேன். மேய்ச்சல் நிலத்துக்கும் தீவனத்துக்கும் நீ பார்த்துக்கொள். பதினைந்து வருஷம் என்று எழுதியிருந்தாய்.

எது என்று நீயே சொல்.

அண்ணன்

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணியும் குழந்தைகளும் நலமாக இருக்கவேண்டும்.

தந்தியில் பேசிக்கொண்டபடி எல்லாம் முடிந்தது. எழுத்தில் இருப்பது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

மேற்கு மைதானத்துக்காரர் நேற்றுக் காலை வந்தார். குதிரையைப் பிடித்து நடத்த மொட்டையைக் கூப்பிட்டேன். "இதுக்கு நீங்களே புடிங்க சார்" என்று கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. சம்பள பாக்கியையும் வாங்கவில்லை.

நானே நடத்தினேன். மணல் நன்றாக நனைந்திருந்தது. கயிறு தொய்வாகவே இருந்தது. இழுக்க வேண்டியிருக்கவில்லை, நான் போகிற பக்கமெல்லாம் வந்தது. ஒரே ஓர் இடத்தில் கால் லேசாக மடங்கியது. அப்போது வாங்குகிறவர் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து நாலு காலையும் தடவிப் பார்த்தார். எல்லாமே ஒரே குளிர்ச்சியாக இருந்தன. என்னைப் பார்த்து, "கால்ல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டார்.

"கோப்பை ஜெயிச்ச கால்தாங்க இது" என்றேன்.

இன்று காலை லாரியில் ஏற்றிவிட்டோம்.

விலை ஒன்றரை லட்சம். நீங்கள் முதலில் சொன்ன எட்டில் ஒன்று இல்லை, தந்தியில் ஒப்புக்கொண்டபடி ஆறில் ஒன்று எனக்கு: இருபத்தையாயிரம். எட்டு அறைகளும் என் பெயரில். முன்பணமும் ஒரு வருஷ வாடகையும் உங்கள் பொறுப்பு. குட்டிகள் இரண்டும் ஜூன் மாதத்துக்குள் வந்துசேரவேண்டும். விற்றது விற்றதுதான், எந்தக் காரணத்துக்காகவும் குதிரையைத் திருப்பி எடுப்பதில்லை என்று அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

தம்பி